லேப்டாப் ஸ்கிரீன் உடைஞ்சிருச்சா? வேற டிஸ்ப்ளேல பாக்குறதுக்கு எந்த வழி யாருக்கு சரிப்படும்

கீபோர்டு மேல ஒரு சின்ன பென்டிரைவ் கிடந்தத பாக்காம மூடிய அழுத்தி மூடிட்டேன், டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். திறந்து பாத்தா நடுவுல நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல், அதுல இருந்து மை கொட்டுன மாதிரி கருப்பா பரவிக்கிட்டே போகுது, ஒரு மணி நேரத்துல முக்கால்வாசி ஸ்கிரீன் போயிருச்சு. ஆனா கேப்ஸ் லாக் அமுக்குனா அந்த குட்டி லைட் எரிஞ்சு எரிஞ்சு அணையுது, ஃபேன் ஓடுது. அதாவது லேப்டாப் நல்லாத்தான் இருக்கு, கண்ணாடி மட்டும்தான் செத்துருக்கு. உள்ள மறுநாள் காலைல அனுப்ப வேண்டிய வேலை இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியும் அதுக்கப்புறம் வந்த நாட்கள்லயும் கிட்டத்தட்ட எல்லா வழியையும் முயற்சி பண்ணிப் பாத்தேன், அதனால எது எப்போ கைகொடுக்கும்னு எனக்குப் பட்டத எழுதுறேன்.

மொதல்ல ஒரு விஷயம். ஸ்கிரீன் கருப்பா இருந்தா உடனே பேனல் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. ரூம் லைட்ட அணைச்சுட்டு மொபைல் டார்ச்ச ஸ்கிரீனுக்கு சாய்வா காட்டுங்க, மங்கலா ஐகான் ஏதாவது தெரிஞ்சா படம் வருது, பின்னாடி எரியுற பேக்லைட் மட்டும்தான் போயிருக்கு. மூடிய முன்ன பின்ன ஆட்டும்போது படம் வந்து வந்து போச்சுன்னா கீல் வழியா போற கேபிள்ல தகராறு. வெளி மானிட்டர் மாட்டி அதுலயும் அதே கோடு அதே கட்டம் வந்துச்சுன்னா பேனல்ல பிரச்சனையே இல்ல, கிராபிக்ஸ் சிப்புல பிரச்சனை, அப்போ கீழ சொல்றதுல பெரும்பாலும் டிஸ்க கழட்டுறதுதான் உங்களுக்கு உதவும்.

இப்போ வழிகளுக்கு வருவோம். எல்லாரும் கேக்குறது "எந்த கேபிள் வாங்கணும்"னு, ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி வேற ஒண்ணு இருக்கு: இந்த வழி வேலை செய்ய லேப்டாப்புக்குள்ள ஏற்கனவே ஏதாவது இன்ஸ்டால் ஆகியோ ஆன் ஆகியோ இருக்கணுமா? ஏன்னா ஸ்கிரீன் தெரியாத லேப்டாப்புல புதுசா ஒண்ண இன்ஸ்டால் பண்றதுங்குறது கண்ணக் கட்டி காட்டுல விட்ட மாதிரி. உள்ள எதுவும் தேவைப்படாத வழிதான் உடைஞ்ச அன்னைக்கு உதவும், மத்ததெல்லாம் முன்கூட்டியே தயாரா இருந்தவங்களுக்கு மட்டும்தான். இந்த ஒரு கேள்விலயே பாதி வழி அடிபட்டுப் போயிரும்.

அந்தக் கணக்குல மொத இடம் சந்தேகமே இல்லாம ஹெச்டிஎம்ஐ கேபிள்தான். வீட்டுல டிவி இருக்கும், பின்னாடி ஹெச்டிஎம்ஐ ஓட்டையும் இருக்கும், அத விட்டுட்டு டாங்கிள் டாக்குன்னு தேடுறது கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிற கதை. ஒரு பக்கம் லேப்டாப், ஒரு பக்கம் டிவி, ரிமோட்ல அந்த ஹெச்டிஎம்ஐ நம்பர தேர்ந்தெடுத்தா படம் வரணும். டிரைவர் வேண்டாம், நெட் வேண்டாம், எதுவும் வேண்டாம்.

ஆனா இங்கதான் நிறைய பேர் "மாட்டிப் பாத்தேன் வேலை செய்யல"ன்னு விட்டுடுறாங்க, உண்மையில வேலை செஞ்சிருக்கும். எனக்கும் டிவில வெறும் வால்பேப்பர் மட்டும் வந்து நின்னுச்சு, ஐகான் இல்ல, டாஸ்க்பார் இல்ல, பாஸ்வேர்டு கேக்குற இடமும் இல்ல. காரணம் என்னன்னா விண்டோஸ் டிவிய ரெண்டாவது ஸ்கிரீனா நீட்டி வச்சுக்கும், அதாவது எக்ஸ்டெண்ட் மோடு, மெயின் ஸ்கிரீன் இன்னும் உடைஞ்சதுதான், எல்லாம் அங்கதான் திறக்குது. இதுக்கு விண்டோஸ் கீய புடிச்சுக்கிட்டு பி (P) அமுக்கணும். நாலு ஆப்ஷன் உள்ள ஒரு பட்டி திறக்கும், வரிசை இதுதான்: பிசி ஸ்கிரீன் மட்டும், டூப்ளிகேட், எக்ஸ்டெண்ட், செகண்ட் ஸ்கிரீன் மட்டும். நமக்கு வேணும்ங்குறது டூப்ளிகேட் இல்லன்னா கடைசி. பட்டி தெரியாட்டியும் பரவால்ல, கீழ் அம்புக்குறி ஒரு தடவ, என்டர், அஞ்சு செகண்ட் பொறுங்க, மாறலன்னா மறுபடியும் முதல்ல இருந்து. நடுவுல டிவி மொத்தமா கருப்பாச்சுன்னா பயப்படாதீங்க, பிசி ஸ்கிரீன் மட்டும்ங்குறதுல போய் நின்னுருக்கும், இன்னொரு தடவ பண்ணா வெளிய வந்துரும். நிறைய லேப்டாப்புல மேல் வரிசை எஃப் கீ ஒண்ணுல ரெண்டு ஸ்கிரீன் படம் போட்டிருக்கும், அதுவும் இதே வேலைதான் பண்ணும்.

லாகின் இன்னொரு தலைவலி. பாக்காமலே போடணும்னா ஸ்பேஸ் ஒரு தடவ தட்டி லாக் ஸ்கிரீன தள்ளிட்டு ரெண்டு செகண்ட் விட்டு பின் (PIN) அடிங்க. நம்பர் பின்னா கடைசி நம்பரோட தானா உள்ள போயிரும், பாஸ்வேர்டுன்னா என்டர் தட்டணும். அவசரப்பட்டு திரும்பத் திரும்ப தப்பா அடிச்சீங்கன்னா விண்டோஸ் ஏ1பி2சி3 (A1B2C3)ன்னு ஒண்ண டைப் பண்ணச் சொல்லி நிக்கும், ஸ்கிரீன் தெரியாம அத யாரு கண்டா, நாம பின்ன அடிச்சுக்கிட்டே இருப்போம், அது ஏத்துக்காது. ரெண்டு தடவைக்கு மேல தப்பாச்சுன்னா கைய எடுத்துட்டு விண்டோஸ் கீ, கண்ட்ரோல், என்டர் மூணையும் சேத்து அமுக்குங்க, நரேட்டர்னு ஒரு குரல் ஆன் ஆகி இப்ப எந்த இடத்துல நிக்கிறீங்கன்னு வாசிக்கும். பார்வை இல்லாதவங்களுக்காக செஞ்ச வசதி, அன்னைக்கு ராத்திரி அந்தக் குரல் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதிய சொல்லி மாளாது. மேக்புக்னா கமாண்ட் கூட எஃப்5, அது வாய்ஸ்ஓவர்.

உள்ள போயாச்சு, ஆனா ஒரு விண்டோ மட்டும் உடைஞ்ச பக்கமே திறக்குதுன்னா விண்டோஸ் கீ, ஷிஃப்ட், பக்கவாட்டு அம்புக்குறி, அது இந்தப் பக்கம் தாவி வந்துரும். படமே உறைஞ்சு நின்னா விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (இது B), கிராபிக்ஸ் டிரைவர் ஒருமுறை புதுசா எழுந்து உக்காரும். இந்த ரெண்டும் மனப்பாடமா இருந்தா போதும்.

ஹெச்டிஎம்ஐக்கும் ஒரு எல்லை உண்டு. பவர் ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி வர்ற பயாஸ் செட்டிங் ஸ்கிரீன், டிஸ்க பூட்டி வைக்கிற பிட்லாக்கர் கீ கேக்குற நீல ஸ்கிரீன் இதெல்லாம் சில மாடல்ல வெளி டிஸ்ப்ளேல வராது, உள் பேனல்ல மட்டும்தான் வரும். ஆன் பண்ண உடனே மூடிய மூடிட்டா சில லேப்டாப் படத்த வெளிய தள்ளும், முயற்சி பண்ணிப் பாக்கலாம். ஆனா பயாஸ் உள்ள பாக்காம மட்டும் எதையும் மாத்தாதீங்க. செக்யூர் பூட் மாதிரி எதையாவது தொட்டுட்டா பிட்லாக்கர் 48 இலக்க கீய கேட்டு உக்காந்துக்கும், அப்புறம் ஒரு பிரச்சனை ரெண்டாயிரும்.

ஹெச்டிஎம்ஐ ஓட்டையே இல்லாத லேப்டாப்புக்கு டைப்-சி. இதுல ஏமாறுறவங்க ரொம்ப அதிகம், ஏன்னா டைப்-சி ஓட்டை இருந்தாலே படம் வரும்னு இல்ல, சிலதுல சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான். ஓட்டை பக்கத்துல மின்னல் குறி இருந்தா தண்டர்போல்ட், டிஸ்ப்ளே போர்ட்டோட டி, பி (D, P) சேந்த குறி இருந்தாலும் படம் வரும். எதுவுமே இல்லன்னா லேப்டாப் மாடல் பேர நெட்ல போட்டு ஸ்பெக் பாத்துட்டு அப்புறம் அடாப்டர் வாங்குங்க. பழைய மானிட்டர்ல அந்த நீல விஜிஏ சாக்கெட் மட்டும் இருந்துச்சுன்னா வெறும் கேபிள் போதாது, கன்வெர்ட்டர் வேணும், அதுக்கும் திசை உண்டு, ஹெச்டிஎம்ஐல இருந்து விஜிஏவுக்கு போறது வேற, விஜிஏல இருந்து ஹெச்டிஎம்ஐக்கு வர்றது வேற, மாத்தி வாங்குனா ஒண்ணும் வராது.

அப்புறம் சாதாரண பழைய யூஎஸ்பி ஓட்டைல மாட்டுற ஹெச்டிஎம்ஐ அடாப்டர், டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் (யூஎஸ்பில மாட்டி மானிட்டர இணைக்கிற பெட்டி) இதெல்லாம். நல்ல சாமான்தான், ஸ்கிரீன் ஒழுங்கா இருக்குறவங்களுக்கு. இதுக்கு டிரைவர் வேணும், விண்டோஸ் உள்ள போய் அந்த டிரைவர் எழுந்த பிறகுதான் படம். மேல கேட்ட கேள்விய இதுகிட்ட கேட்டா ஃபெயில். ஏற்கனவே இதே டாக்க அந்த லேப்டாப்புல பயன்படுத்திட்டு இருந்தீங்கன்னா கவலையில்ல, புதுசா வாங்கிட்டு வந்து மாட்டிராதீங்க.

டிவியா மானிட்டரான்னா, ரெண்டு நாளுக்கு டிவி, அதுக்கு மேலன்னா மானிட்டர். டிவில எழுத்து ஓரம் கரைஞ்ச மாதிரி இருக்கும், சுத்தி ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி மறைஞ்சு போகும், மவுச நகத்துனா ஒரு நொடி கழிச்சு வர்ற மாதிரி இருக்கும். டிவி செட்டிங்ல படத்தோட அளவ ஸ்கிரீன் ஃபிட் இல்லன்னா ஜஸ்ட் ஸ்கேன்னு மாத்துனா ஓரம் சரியாகும், அந்த இன்புட்டோட பேர பிசின்னு மாத்துனாலோ கேம் மோடு போட்டாலோ தாமதம் குறையும், சில டிவில எழுத்தும் தெளிவாகும். 4கே டிவில மவுஸ் தடுக்கித் தடுக்கி ஓடுதுன்னா லேப்டாப்போட பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 காரணமா இருக்கலாம், அது 4கேல 30 ஹெர்ட்ஸ்தான் தரும், ரெசல்யூஷன 1920க்கு 1080ன்னு குறைச்சா 60 கிடைக்கும், வேலைக்கு அதுவே நல்லது.

இப்போ டிவியும் இல்ல மானிட்டரும் இல்ல, இன்னொரு லேப்டாப் மட்டும் இருக்கு. ரெண்டுலயும் ஹெச்டிஎம்ஐ இருக்கே, ஒரு கேபிள்ல இணைச்சிட்டா என்னன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. வராது. லேப்டாப்புல இருக்குற ஹெச்டிஎம்ஐ படத்த வெளிய அனுப்ப மட்டும்தான், உள்ள வாங்காது. இதுக்கு நடுவுல ஹெச்டிஎம்ஐ கேப்சர் கார்டுன்னு ஒரு சின்ன சாமான் வேணும், பென்டிரைவ் சைசுல இருக்கும், உடைஞ்ச லேப்டாப்போட ஹெச்டிஎம்ஐ இதுல ஒரு பக்கம், இதோட யூஎஸ்பி நல்ல லேப்டாப்புல. நல்ல லேப்டாப் இத ஒரு வெப்கேம்னு நினைச்சுக்கும், ஓபிஎஸ்ங்குற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்லயோ சாதாரண கேமரா ஆப்லயோ திறந்தா உடைஞ்ச லேப்டாப் ஸ்கிரீன் அப்படியே ஒரு விண்டோல தெரியும். யூஎஸ்பி சாமான மாட்ட விடுற ஓடிஜி வசதி உள்ள ஆண்ட்ராய்டு மொபைல்லயும் இதுக்கான ஆப் போட்டு பாக்கலாம். உடைஞ்ச லேப்டாப்ப பொறுத்தவரைக்கும் ஒரு மானிட்டர் மாட்டுன மாதிரிதான், உள்ள எதுவும் தேவையில்ல, லாகினுக்கு முன்னாடியே படம் வரும். டைப் பண்ணா கொஞ்சம் தாமதமா தெரியும், பாதுகாப்பு போட்ட சினிமா வீடியோ கருப்பாத்தான் வரும், நாள் முழுக்க வேலை பாக்க ஒத்துவராது. ஆனா ஃபைல் எடுக்க, மெயில் அனுப்ப, செட்டிங் மாத்த இது போதும், வெளியூர்ல லேப்டாப்போட அலையிறவங்க பையில ஒண்ணு கிடக்கட்டும்னு நான் சொல்லுவேன். இத்தன வழில ரொம்ப பேருக்கு தெரியாததும் இதுதான்.

வயர் இல்லாம பண்ற வழி பாக்க அழகா இருக்கும். விண்டோஸ் கீ கூட கே (K) அமுக்குனா பக்கத்துல இருக்குற மிராகாஸ்ட் டிவிய, அதாவது வயர் இல்லாம படம் வாங்குற டிவிய தேடும், ஆனா அந்த லிஸ்ட்ல இருந்து சரியானத தேர்ந்தெடுக்கணும், சில டிவி பின் நம்பர் வேற கேக்கும், பாக்காம பண்றது பெரும்பாடு. டேப்ல ஸ்பேஸ்டெஸ்க், டூயட் மாதிரி ஆப் போட்டு பாக்கலாம்னு சொல்றாங்க, அதுக்கு லேப்டாப் பக்கமும் ஒரு சாஃப்ட்வேர் வேணும். ஒருமுறை ஹெச்டிஎம்ஐ வழியா உள்ள போன பிறகு இதெல்லாம் செட் பண்ணிக்கலாம், முதல் வழியா இத நம்பாதீங்க.

ரிமோட் டெஸ்க்டாப்பும் இதே கதைதான், ஆனா ஏற்கனவே செட் பண்ணி வச்சவங்களுக்கு இது ஹெச்டிஎம்ஐயவிட சுகம், உடைஞ்ச லேப்டாப் ஒரு மூலைல சார்ஜ்ல கிடக்கும், நாம நல்ல லேப்டாப்புல இருந்தே எல்லாம் பாத்துக்கலாம். விண்டோஸ்ல கூடவே வர்ற ரிமோட் டெஸ்க்டாப் ப்ரோ எடிஷன்ல தான் உள்ள விடும், ஹோம் எடிஷன்ல விடாது, ப்ரோலயும் நாம ஆன் பண்ணி வச்சிருக்கணும். எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப், ரஸ்ட்டெஸ்க் எல்லாம் ஹோம்லயும் ஓடும், ஆனா ஆளில்லாம உள்ள போறதுக்கான பாஸ்வேர்டோ பின்னோ முன்னாடியே வச்சிருக்கணும், இல்லன்னா "அனுமதிக்கவா"ன்னு உடைஞ்ச ஸ்கிரீன்ல கேட்டுக்கிட்டு நிக்கும். லினக்ஸ்காரங்க எஸ்எஸ்ஹெச் (வேற கம்ப்யூட்டர்ல இருந்து கட்டளை டைப் பண்ணி உள்ள போற வழி) ஆன்ல வச்சிருந்தா டிஸ்ப்ளேவே வேண்டாம்.

உங்களுக்கு லேப்டாப் வேண்டாம், உள்ள இருக்குற ஃபைல் மட்டும் போதும்னா டிஸ்க கழட்டி வெளி பெட்டில போட்டு வேற கம்ப்யூட்டர்ல மாட்டலாம். பழசுன்னா 2.5 இன்ச் சாட்டா, புதுசுன்னா சூயிங்கம் பட்டை மாதிரி எம்.2, அந்த எம்.2லயும் சாட்டா, என்விஎம்இன்னு ரெண்டு ஜாதி, பெட்டி அதுக்கு ஏத்ததா இருக்கணும். ஆனா மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் போட்டு செட்டப் பண்ண புது லேப்டாப் நிறையதுல டிஸ்க் தானாவே பூட்டப்பட்டிருக்கும், வேற கம்ப்யூட்டர்ல மாட்டுனதும் அந்த 48 இலக்க கீ கேக்கும். பொதுவா அது உங்க மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்லயே சேவ் ஆகியிருக்கும், மொபைல்ல லாகின் பண்ணி கீ இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் ஸ்க்ரூடிரைவர எடுங்க. 2018க்கு அப்புறம் வந்த மேக்புக்னா இந்த வழியே கிடையாது, ஸ்டோரேஜ் போர்டுல ஒட்டி என்கிரிப்ட் ஆகியிருக்கும். அதுக்கு சார்ஜர், வெளி மானிட்டர், வயர் உள்ள கீபோர்டு, மவுஸ் நாலையும் மாட்டி மூடிய மூடிட்டா வெளி மானிட்டரே மெயின் ஸ்கிரீன் ஆயிரும், ப்ளூடூத் கீபோர்டு லாகின் ஸ்கிரீன்ல சில சமயம் கைவிட்டுரும், அதனாலதான் வயர்னு சொல்றேன்.

சரி, அவசரம் தீந்துச்சு, நிரந்தரமா என்ன பண்றது? லேப்டாப் மேஜைய விட்டு நகராதுன்னா வெளி மானிட்டர் வாங்கி அப்படியே ஓட்டலாம், தப்பே இல்ல. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல மூடிய மூடுனா ஒண்ணும் பண்ணாதேன்னு மாத்தி வைங்க, இல்லன்னா மூடுன உடனே தூங்கிரும். சில லேப்டாப் கீபோர்டு வழியா சூட்ட வெளிய விடும், அத மூடி வச்சு கனமான வேலை ஓட்டாதீங்க, பாதி திறந்து வைங்க. மேல் பாகத்தையே கழட்டி எறிஞ்சிட்டு கீபோர்டு மட்டும் வச்சுக்கலாம்னு ஒரு யோசனை சுத்துது, பண்றதுக்கு முன்னாடி பாருங்க, நிறைய மாடல்ல வைஃபை ஆன்டெனா ஸ்கிரீன சுத்திதான் ஓடுது, கேமரா மைக்கும் அங்கதான், கழட்டுனா வைஃபை செத்த மாதிரிதான்.

தூக்கிட்டு அலையிற லேப்டாப்புன்னா பேனல் மாத்துறதுதான் சரி, போர்ட்டபிள் மானிட்டர் வாங்குறத விட. போர்ட்டபிள் மானிட்டர் ஒரே டைப்-சி கேபிள்ல பவரும் படமும் வாங்கிக்கும், வசதிதான், ஆனா லேப்டாப் பேட்டரிய உறிஞ்சும், ஹெச்டிஎம்ஐல மாட்டுனா தனி பவர் வேற வேணும், பஸ்ல மடியில வச்சு ரெண்டையும் சமாளிக்க முடியாது. நான் கடைசில பேனல்தான் மாத்தினேன். பழைய பேனல கழட்டி பின்னாடி ஸ்டிக்கர பாத்து அதே மாடல் நம்பர் வாங்கணும், லேப்டாப் பேர மட்டும் நம்பி வாங்காதீங்க, ஒரே லேப்டாப்ப வேற வேற பேனலோட விக்கிறாங்க. அந்த நம்பர் நடுவுல பெரும்பாலும் 156ன்னு வந்தா 15.6 இன்ச், 140ன்னா 14 இன்ச். கனெக்டர் 30 பின்னா 40 பின்னான்னு கட்டாயம் பாருங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது. பேட்டரி கனெக்டர மொதல்ல கழட்டிட்டு அப்புறம்தான் பேனல் கேபிள தொடணும், கரண்ட் இருக்கும்போதே புடுங்குனா போர்டுல பேக்லைட் ஃபியூஸ் போயிரலாம், போச்சுன்னா புது பேனல் போட்டாலும் இருட்டுதான். டச் ஸ்கிரீன்னா கண்ணாடியோட ஒட்டியிருக்கும், அத நீங்களா பிரிக்காம தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துருங்க.

இத படிக்கும்போது உங்க ஸ்கிரீன்ல இன்னும் பாதி தெரியுதுன்னா படிக்கிறத இங்கயே நிறுத்திட்டு அந்த பாதியில மூணு வேலைய முடிங்க, அந்த கருப்பு நாளைக்கு இன்னும் பரவும். முக்கியமான ஃபைல வெளி டிஸ்க்ல காப்பி பண்ணுங்க, ரிமோட் ஆப் ஒண்ணு போட்டு ஆளில்லாம திறக்குற பாஸ்வேர்டு வைங்க, மூடி மூடுனா தூங்காத மாதிரி செட்டிங்க மாத்துங்க. விரிசல் மேல அகல செல்லோ டேப்ப ஒட்டிட்டு, கீபோர்டு மேல ஒரு மெல்லிய துணிய விரிச்சு, அதுக்கப்புறம் மெதுவா மூடுங்க.